ரெய்டு செய்தியும் நம் கல்லாப் பெட்டியும்

துவரம் பருப்பு மூட்டையைக் கடை வாசலிலேயே பிரித்து, முறத்தில் போட்டுப் புடைத்து, கல்லும் வண்டும் நீக்கிய பிறகே பொட்டலம் போடுகிற ஒரு மளிகைக்காரர் நம் ஆரணியில் முன்பு இருந்தார். நல்ல மனிதர். சரக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் அவர் கடையைப் பற்றித் தெருவில் நிலவிய பேச்சு வேறு. "அந்தக் கடைப் பருப்பில் வண்டு அதிகம்" என்றார்கள். பக்கத்துக் கடைக்காரரோ மூட்டையைப் பின்கட்டில் பிரித்து, வந்தது வந்தபடி எடைபோட்டுக் கொடுத்தார். வண்டு வாடிக்கையாளர் வீட்டு டப்பாவுக்கே போய்ச் சேர்ந்தது. இருந்தும் அவருக்குக் கெட்ட பெயர் இல்லை. ஊரார் கண்ணில் பட்டது முறத்தில் ஓடிய வண்டுதான்.

லஞ்ச ஒழிப்புச் சோதனை பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்த முறம் நினைவுக்கு வருகிறது.

தீபாவளி நெருங்கும் நாட்களில் ஆண்டுதோறும் நடப்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையினர், அதாவது நாம் லஞ்ச ஒழிப்பு போலீசார் என்று சொல்கிறவர்கள், மாநிலம் முழுவதும் பல அலுவலகங்களில் ஒரே நேரத்தில் திடீர்ச் சோதனை போடுகிறார்கள். கணக்கில் வராத பணம், இனிப்புப் பெட்டி, பட்டாசுப் பெட்டி எல்லாம் பிடிபடுகின்றன. மறுநாள் செய்தித்தாளில் ஊர் ஊராகப் பட்டியல் வருகிறது. டீக்கடையில் அதைப் படிக்கிறவர் என்ன சொல்கிறார்? "பரவாயில்லையே, பிடிக்கிறார்களே" என்பவர் நூற்றில் ஒருவர். மற்றவர்கள், "பார்த்தீங்களா, எங்க பார்த்தாலும் இதேதான். நாடு கெட்டுப்போச்சு" என்று பேப்பரை மடிக்கிறார்கள்.

வாங்குவது கூடியிருக்கிறதா, பிடிப்பது கூடியிருக்கிறதா? செய்தித்தாளை வைத்து இதைச் சொல்லவே முடியாது. லஞ்சம் இரண்டு மடங்கு ஆனாலும் கைதுச் செய்தி இரண்டு மடங்கு வரும். லஞ்சம் பாதியாகக் குறைந்து, போலீசார் நான்கு மடங்கு சுறுசுறுப்பானாலும் அதே இரண்டு மடங்குதான் வரும். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.

இது டீக்கடைப் பேச்சோடு போகிற விஷயமாக இருந்தால் நம் இதழில் இடம் ஒதுக்கத் தேவையில்லை. அந்தப் பேச்சு நம் கல்லாவில் கை வைக்கிறது என்பதால்தான் எழுதுகிறோம்.

தரகர் விற்ற சரக்கு

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் அலுவலகமும் வேண்டாம். கடைக்கு வேண்டிய ஒரு சான்றுக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய். கட்டி, ரசீதும் வாங்கிவிட்டார். விண்ணப்பம் போய் இரண்டு வாரம். அந்தச் சமயத்தில் வேறோர் ஊரில், வேறோர் அலுவலகத்தில் சோதனை நடந்து ஒருவர் கைதான செய்தி வந்தது. வந்த மூன்றாம் நாள் ஒரு தரகர் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ரெய்டு நடந்ததுல இருந்து அங்க யாரும் கை நீட்டவே பயப்படுறாங்க. பயம் வந்தா ரேட்டு ஏறும் இல்ல? முன்னே மூணுக்கு முடிஞ்சது. இப்ப ஆறு ஆவும்."

நம் உறுப்பினர் ஆறாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். அடுத்த வாரம் சான்று வந்தது. வேலை முடிந்தது என்று அவர் நிம்மதியானார்.

பிறகு சங்கக் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக இன்னொரு உறுப்பினர், தாம் அதே வாரத்தில் அதே சான்றுக்கு விண்ணப்பித்ததாகவும், ஒருவரையும் பார்க்காமலே சான்று வந்ததாகவும் சொன்னார். இரண்டு பேரின் தேதிகளையும் ஒப்பிட்டோம். விண்ணப்பம் போன நாளுக்கும் சான்று வந்த நாளுக்கும் இடையே இருவருக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். அதுவும் பணம் கொடுக்காதவருக்கு ஒரு நாள் முன்னதாக. நிர்வாகிகள் இருவர் அந்த அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். பொறுப்பில் இருந்தவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "என் மேசைக்கு வந்த தேதி இது. கையெழுத்து போட்ட தேதி இது. நடுவில் யார் உங்களிடம் வாங்கினார்களோ, கேட்கவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது" என்றார்.

அந்த ஆறாயிரத்தில் ஒரு ரூபாய்கூட உள்ளே போகவில்லை என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தேதிகள் ஒன்றைக் காட்டுகின்றன. பணத்தால் வேலை ஒரு நாள்கூட முந்தவில்லை. தரகர் விற்ற சரக்கு நம்முடைய பயம். அந்தப் பயத்தை அவருக்கு மொத்த விலையில் கொடுத்தது முந்தின நாள் செய்தி. லஞ்சத்தை ஒழிக்க நடந்த சோதனையே ஒரு தரகருக்கு விலையேற்றக் காரணமானது.

அந்த ஆறாயிரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. வரவு செலவுக் கணக்கிலும் காட்ட முடியாது. கிலோவுக்கு ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்று பருப்பிலும் எண்ணெயிலும்தான் ஏறும். வாரக் கூலி வந்ததும் கடன் பாக்கியைத் தீர்க்க வருகிற நெசவாளர் வீட்டம்மாதான் கடைசியில் அதைக் கட்டுகிறார்.

கேட்காமலே கொடுப்பவர்கள்

நம் உறுப்பினர் விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்கிற உலக அமைப்பு 2020-ல் ஆசிய நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், அரசுச் சேவைகளை நாடிய இந்தியர்களில் 39 சதவீதம் பேர் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். கணக்கெடுத்த ஆசிய நாடுகளில் அதுவே அதிகம். வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு விவரம் இருக்கிறது. அப்படிக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் கேட்டதால் கொடுத்ததாகச் சொன்னவர்கள். மீதிப் பேரிடம் யாரும் வாய் திறந்து கேட்டதாக இல்லை. கேட்பார்கள் என்று இவர்களே முடிவு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

அரசில் ஊழல் பெரிய பிரச்சினை என்று அதே கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 89 சதவீதம். 39 எங்கே, 89 எங்கே? நடுவில் உள்ள இடைவெளி முழுவதும் பொய் என்று சொல்லிவிட முடியாது. பெரிய ஒப்பந்தங்களில் நடப்பதை மளிகைக் கடையில் உட்கார்ந்து யாரும் அனுபவித்துப் பார்ப்பதில்லை, கேள்விப்படத்தான் முடியும். என்றாலும், நாம் பட்டதைவிடக் கேட்டதே நம் எண்ணத்தை உருவாக்குகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. பிரதமராக இருந்தபோது நேரு, பத்திரிகையாளர் ஆர்.கே. கரஞ்சியாவுக்கு அளித்த பேட்டியில் இந்தக் கருத்தைச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் ஊழல்வாதிகள் என்று கூரை மேல் ஏறிக் கூவிக்கொண்டே இருந்தால், அந்தக் கூச்சலே ஒரு சூழலை உண்டாக்கி, சாதாரண மனிதனையும் அதில் இறக்கிவிடும் என்பது அவர் வாதம். ஆட்சியில் இருப்பவருக்கு வசதியான வாதம் என்று அன்றைக்கே சிலர் நினைத்திருப்பார்கள். நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அரசோடு ஒட்டு உறவு இல்லாத சுவீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்தால், 1968-ல் ஆசிய நாடுகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில், ஊழலை ஆராய்வது போலவே ஊழலைப் பற்றிய ஊர்ப்பேச்சையும் தனியாக ஆராய வேண்டும் என்றார். லஞ்சம் வாங்காதவன் ஏமாளி என்ற எண்ணத்தை அந்த ஊர்ப்பேச்சு வளர்த்துவிடுகிறது என்பது அவர் கவலை.

அண்மைக் காலத்தில் இதைச் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில், ஊழலைப் பற்றிய சிறு சிறு செய்திகளை மக்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு கேள்வி கேட்டார் கேரின் பைஃபர் என்ற ஆய்வாளர். அந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஊழல் மலிந்துவிட்டது என்ற செய்தியைப் படித்தவர்களுக்குக் கவலை கூடியதில் வியப்பில்லை. அரசு ஊழலை ஒழிப்பதில் வெற்றி காண்கிறது என்ற செய்தியைப் படித்தவர்களுக்கும் கவலை கூடியது என்பதுதான் செய்தி. முறத்தில் வண்டைப் பொறுக்குவதைப் பார்த்தவர்கள் பொறுக்கும் கையைப் பார்க்கவில்லை.

அவரே நிக் சீஸ்மன் என்பவரோடு சேர்ந்து நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 2,400 பேரிடம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சோதித்தார். செய்தியைப் படித்த பிறகு, உண்மைப் பணம் வைத்து ஒரு விளையாட்டு. அதில் லஞ்சம் கொடுத்தால் அதிகம் சம்பாதிக்கலாம். ஊரில் எல்லாரும் ஊழல் செய்கிறார்கள் என்று முன்பே நம்பியிருந்தவர்கள், ஊழலுக்கு எதிரான செய்தியைப் படித்த பின் லஞ்சம் கொடுப்பது கூடியது, குறையவில்லை. 2022-ல் இது அச்சேறியது. லாகோஸ் வியாபாரியும் ஆரணி வியாபாரியும் ஒரே மாதிரித்தான் கணக்குப் போடுகிறார்கள் போலும்: எல்லாரும் கொடுக்கும்போது நான் மட்டும் கொடுக்காவிட்டால் என் காகிதம்தான் அடியில் போகும்.

நம் அலுவலகங்களின் வாசலில் லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்ற பலகை இருக்கிறது. நல்ல நோக்கத்தில் வைத்தது. புகார் எண்ணும் அதில் இருப்பதால் பயனுள்ளதும்கூட. ஆனால் முதல்முறை அலுவலகத்துக்குப் போகிற ஒரு சின்னக் கடைக்காரர், "பலகை மாட்டுகிற அளவுக்கு இங்கே நடக்கிறது போல" என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பிடிபட்ட நாளும் தீர்ப்பு நாளும்

பொறி வைத்துப் பிடிப்பது எப்படி என்பது பலருக்கு மேலோட்டமாகவே தெரியும். லஞ்சம் கேட்கப்பட்டவர் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்குப் பதிவாகும். கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் மேல் பினாப்தலின் என்கிற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். புகார்தாரரோடு ஒரு சாட்சியும் போவார். பணம் கை மாறியதும் சைகை. அதிகாரிகள் உள்ளே வந்து, வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். பொடி பட்ட கை என்றால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

செய்தித்தாளுக்கு வேண்டிய அத்தனையும் இந்த ஒரு நாளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு வழக்கு தொடர அரசின் அனுமதி வாங்க வேண்டும், குற்றப்பத்திரிகை, சாட்சி விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடுகின்றன. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம், விசாரணையை 2 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. நடைமுறை அவ்வளவு வேகமாக இல்லை. பெரிய வழக்குகளைச் சொல்லவே வேண்டாம். சங்க இதழில் அரசியல் பேசுவதில்லை என்பது நம் வழக்கம்; கால அளவைக் காட்டுவதற்காக மட்டும் ஒன்றைக் குறிப்பிடுகிறோம். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996-ல் பதிவானது. சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு 2014-ல், உயர் நீதிமன்ற விடுதலை 2015-ல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 பிப்ரவரியில். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். சோதனையில் எடுத்த நகையும் பட்டுப் புடவைகளும் தொலைக்காட்சியில் வந்தது இன்றும் ஊருக்கு நினைவிருக்கிறது. எந்த ஆண்டு எந்த நீதிமன்றம் என்ன சொன்னது என்று கேட்டால் பட்டுப் புடவை நெய்கிற நம் ஊரிலேயே பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னால் அதிகம்.

கீழ்மட்ட வழக்குகளிலும் இதே கதைதான். கைது எட்டுப் பத்திச் செய்தி. தண்டனை கிடைத்தால் உள்பக்கத்தில் நான்கு வரி. விடுதலையானால் அதுவும் இல்லை. முதலும் நடுவும் மட்டும் தெரிந்து முடிவு தெரியாத மக்கள், "எல்லாம் கண்துடைப்பு, ஆறு மாதத்தில் திரும்ப அதே நாற்காலி" என்று முடிவைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

முடிவு கெடுவதில் நம் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. பொறி வைக்கும் வரை துணிவாக இருக்கிற புகார்தாரர், நீதிமன்றக் கூண்டில் ஏறும்போது தடம் மாறிவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசியிருப்பார்கள். நாளைக்கும் அதே அலுவலகத்துக்குத்தானே போக வேண்டும் என்ற கவலை இருக்கும். "நான் கடனாகத்தான் கொடுத்தேன்" என்று சொன்னவர்கள் உண்டு. லஞ்சம் கேட்டதை நிரூபிக்காமல், பணம் கையில் இருந்தது என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. எனவே புகார்தாரர் பின்வாங்கினால் வழக்கு ஆட்டம் காணும். 2022 டிசம்பர் 15-ல் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு ஓரளவு பரிகாரம் செய்தது. புகார்தாரர் இறந்துவிட்டாலும், பிறழ்சாட்சி ஆனாலும், மற்ற சாட்சிகளையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கொண்டு லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 2018 ஜூலை 26-ல் நடைமுறைக்கு வந்த மாற்றம். அதன்படி லஞ்சம் கொடுப்பது தனிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேறு வழியின்றி வற்புறுத்தலால் கொடுத்தவர், கொடுத்த 7 நாட்களுக்குள் போலீசாரிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் பொறிக்காகக் கொடுப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. யாரும் கேட்காமல், "எதற்கும் இருக்கட்டும்" என்று தாமாகக் கவரில் வைத்துக் கொடுப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. மேலே சொன்ன நம் உறுப்பினர் விஷயம் தெரிந்தபோது 7 நாள் எப்போதோ கடந்திருந்தது. தரகர் மீது புகார் கொடுக்கலாமா என்று கேட்டார். நம்மால் உடனே "ஆம்" என்று சொல்ல முடியவில்லை. வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னோம். அவர் போகவில்லை.

சத்தமில்லாமல் குறைந்தது

பிடிபடுவது செய்தியாகிறது, வழியே அடைபட்டுப் போவது செய்தியாவதில்லை. அரிசி மண்டி வைத்திருப்பவர்களுக்கும் வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் பழைய வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மறந்திருக்காது. லாரி நிற்கும். பில்லில் ஒரு எழுத்து குறை என்பார்கள். டிரைவர் கையில் "வழிச்செலவு" என்று தனியாகக் கொடுத்து அனுப்புவோம். அது கணக்கிலேயே ஒரு பத்தியாக இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததை ஒட்டி அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. மறுநாளிலிருந்து அந்தச் செலவு இல்லை. யாரும் கைதாகவில்லை, யார் படமும் வரவில்லை. அதனால் அது நம் மனக்கணக்கில் ஊழல் குறைந்ததாகப் பதிவாகவும் இல்லை. (நடமாடும் பறக்கும் படையும் இ-வே பில் தகராறும் இருக்கின்றன என்று போக்குவரத்துக்காரர்கள் குறுக்கிடுவார்கள். இருக்கின்றன. போக்குவரத்துத் துறையின் சாவடிகளைப் பற்றியும் இங்கே பேசவில்லை.) வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் செலவில்லாமல் பார்த்துக்கொள்ள முடிகிறது, முன்பு அதற்கு எத்தனை நடை, எத்தனை டீச்செலவு!

டெல்லியில் உள்ள சென்டர் ஃபார் மீடியா ஸ்டடீஸ் என்ற அமைப்பு நாடு முழுவதும் வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கு ஒன்று உண்டு. அரசுச் சேவைகளுக்காக லஞ்சம் கொடுத்ததாகச் சொன்ன குடும்பங்கள் 2005-ல் 53 சதவீதம். 2017-ல் 31 சதவீதம். அந்த 2017-லும் 43 சதவீதம் குடும்பங்கள் கடந்த ஓராண்டில் ஊழல் கூடிவிட்டது என்றே சொன்னார்கள். உலக அளவில் ஆண்டுதோறும் வெளியாகும் ஊழல் கண்ணோட்டக் குறியீட்டில், நூற்றுக்கு நூறு என்பது சுத்தம் என்ற அளவில், இந்தியா 2012-ல் வாங்கியது 36. 2024-ல் வாங்கியது 38. இடையில் லோக்பால் சட்டம், ஜி.எஸ்.டி., சட்டத் திருத்தம் எல்லாம் வந்து போயின. இந்தக் குறியீடு லஞ்சத்தை எண்ணி எடுப்பதல்ல. வல்லுநர்களும் தொழில் துறையினரும் என்ன நினைக்கிறார்கள் என்பதன் தொகுப்பு. நினைப்பு சீக்கிரம் மாறுவதில்லை.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? பருப்பைப் புடைக்காமல் விற்றவர் கதையை மறந்துவிடக் கூடாது. சோதனை நின்றால் செய்தி நிற்கும், ஊர்ப்பேச்சும் கொஞ்சம் அடங்கும். வண்டு நம் வீட்டு டப்பாவில் இருக்கும். கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் மாட்டிய உறுப்பினர்களின் கண்ணீரை நாம் பார்த்திருக்கிறோம். "எல்லாம் உங்கள் பிரமை" என்று அவர்களிடம் யாராலும் சொல்ல முடியாது. நாம் கேட்பது, சோதனைச் செய்தியின் மறுபாதியும் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது.

மறுபாதி தெரிந்தால் எண்ணம் மாறும் என்பதற்கு ஹாங்காங் சாட்சி. 1973-ல் அங்கே பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, வருமானத்துக்கு மிஞ்சிய பல லட்சம் டாலர் பற்றிய விசாரணை நடக்கும்போதே இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டார். ஊர் கொதித்தது. 1974 பிப்ரவரியில் தனி ஊழல் ஒழிப்பு ஆணையம் அமைத்தார்கள். இதுவும் ஒரு கண்துடைப்பு என்றுதான் மக்கள் முதலில் நினைத்தார்கள். 1975 ஜனவரியில் காட்பரைத் திரும்பக் கொண்டுவந்து, விசாரித்து, 4 ஆண்டு சிறையில் தள்ளிய பிறகே பேச்சு மாறியது. ஓடிய செய்தியும் அடைபட்ட செய்தியும் இரண்டு ஆண்டுக்குள் ஒரே மக்களின் காதில் விழுந்தன. அந்த ஆணையத்தில் பிடிப்பதற்கு ஒரு பிரிவு, விதிகளைத் திருத்தி லஞ்ச வழியை அடைப்பதற்கு ஒரு பிரிவு, மக்களிடம் போய்ப் பேசுவதற்கு ஒரு பிரிவு என மூன்றும் தொடக்கத்திலிருந்தே உண்டு.

நம் மாநிலத்திலும் முயற்சிகள் புதியவை அல்ல. நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையிலான குழு 1964-ல் கொடுத்த அறிக்கை, தவறான காரியத்துக்காக அல்லாமல் நியாயமான காகிதம் சீக்கிரம் நகர்வதற்காகவே கொடுக்கும் பணத்தைத் தனியாகச் சுட்டிக்காட்டியது. நம்மில் பெரும்பாலோர் கொடுத்தது அந்த வகைதான். நம் மாநில லஞ்ச ஒழிப்புத் துறையும் அதே 1964-ல் தொடங்கியது. 2007-ல் ஐந்தாவது தூண் என்ற தமிழ்நாட்டு அமைப்பு, காந்தி படம் போட்ட பூஜ்ய ரூபாய் நோட்டை அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுத்தது. கேட்டால் இதை நீட்டுங்கள் என்பது யோசனை. சிரிப்பாக இருந்தாலும் அதில் விஷயம் இருந்தது: மறுப்பதற்கு நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதைச் சட்டைப்பையில் இருக்கும் அந்தக் காகிதம் சொன்னது.

தென்னாப்பிரிக்காவில், நம் தமிழர்கள் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குப் போய்க் குடியேறிய நடால் பகுதியில், மங்குசி என்றொரு சிறிய ஊர். அங்கே ஆய்வாளர்கள் ஊர் முழுவதும் சுவரொட்டி ஒட்டினார்கள். லஞ்சம் கொடுக்காதே என்று அதில் இல்லை. இந்த வட்டாரத்தில் லஞ்சம் கொடுப்பவர்கள் குறைந்து வருகிறார்கள் என்று, எடுத்த கணக்கை வைத்து எழுதியிருந்தது. சுவரொட்டி இருந்த நாட்களில் வைத்த விளையாட்டில் மக்கள் லஞ்சம் கொடுப்பது குறைந்தது.

இதையெல்லாம் செயற்குழுவில் பேசிய பிறகு, சங்க அலுவலகச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். கடை வைத்திருப்பவர் எந்தச் சான்றுக்கு, எந்த முத்திரைக்கு, எந்த உரிமத்துக்கு அரசுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாளில் கிடைக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். கட்டணம் மாறினால் மாற்றி எழுதுகிறோம். கீழே மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு. சான்று வாங்கி வந்தவர்கள் அதில் நான்கு விவரம் எழுதுகிறார்கள்: விண்ணப்பித்த தேதி, கிடைத்த தேதி, ரசீதுப்படி கட்டியது, யாராவது கேட்டார்களா. பெயர் எழுத வேண்டியதில்லை. கேட்டதாக எழுதியவர்களை நிர்வாகிகள் தனியே சந்தித்து, 7 நாள் கடக்கும் முன்பே அடுத்து என்ன செய்வது என்று பேசுகிறார்கள்.

தொடங்கியபோது நாலாவது பத்தி நிரம்பி வழியும் என்று நம்மில் பலர் எதிர்பார்த்தோம். கேட்டதாக எழுதியவை இருக்கின்றன. ஒரே அலுவலகத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருவதையும் பார்க்கிறோம். ஆனால் பல வரிகளில் அந்தப் பத்தியில் வெறும் கோடுதான். ஆறாயிரம் கொடுத்த உறுப்பினர் சென்ற மாதம் தராசு முத்திரை போட்டு வந்து நோட்டைப் புரட்டினார். கொஞ்ச நேரம் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் வரியை எழுதி, நாலாவது பத்தியில் கோடு போட்டு, தேதியிட்டுப் போனார்.